சிறுகச் சேர்க்கும் கம்ப்யூட்டர்

மத்தியதரக் குடும்பம் ஒன்று கம்ப்யூட்டர் வாங்குவதென்பது பெரும்பாலும், பெண் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் காலெடுத்து வைக்கும் சமயத்திலோ, வீட்டிலிருந்தபடியே நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிச் சம்பாதிக்கலாம் என்று ஒருவர் தீர்மானிக்கும் சமயத்திலோ, சீட்டுப் பணமும் தீபாவளி போனஸுமாகச் சேர்ந்த ஒரு தொகையை வைத்துக்கொண்டு செய்கிற காரியம். அந்தத் தொகைக்கு லேப்டாப் ஒன்று வாங்கிவிட்டால் திரையும் கீபோர்டும் பாட்டரியும் ஒன்றாகவே வந்துவிடும் என்பது மெய்; தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்களுக்கு அதுவே உசிதம். ஆனால் மேஜையை விட்டு நகர வேண்டிய அவசியமே இல்லாத வீட்டு உபயோகத்துக்கு, உறுப்பு உறுப்பாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிற டெஸ்க்டாப் கம்ப்யூட்டரிடம் ஒரு விசேஷ குணம் இருக்கிறது: அதை ஒரே நாளில் முழுவதும் வாங்கித் தீர வேண்டியதில்லை. இன்று அவசியமானதை வாங்கி, இரண்டு வருஷம் கழித்துக் கை கொஞ்சம் தாராளப்படும்போது மேலும் கொஞ்சம் சேர்த்து, பழுதானதை மட்டும் மாற்றி, பல வருஷங்கள் வளர்த்துக்கொண்டே போகலாம். ஆகவே, சொற்பப் பணத்தோடு கடைக்குப் போகிறவர், இந்தப் பணத்துக்கு எது அதிக வேகம் என்று விசாரிப்பதற்கு முன்னால், எந்த உறுப்பைப் பிற்பாடு மாற்றுவது சுலபம், எது இன்றைக்கே நம் கையைக் கட்டிப் போட்டுவிடும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கம்பெனியின் மதர்போர்டில் இன்னொரு கம்பெனியின் ராமையும், மூன்றாவது கம்பெனியின் கேபினட்டையும் பொருத்தும் இந்தச் சுதந்திரம் தானாக வந்துவிடவில்லை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, ப்ளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் அதை உருவாக்கிய குழுவினர், சுமார் ஒரு வருஷத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டியிருந்தபடியால், எல்லாவற்றையும் தாமே செய்யாமல், இன்டெல்லின் 8088 பிராசசர் முதலாக வெளிச்சந்தையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே அதை அமைத்தார்கள். அதோடு நில்லாமல் அதன் மின்சுற்றுப் படங்களையும் புஸ்தகமாக அச்சிட்டு விற்றார்கள். பிறர் அதைப் பார்த்து முதலில் துணைக் கார்டுகளைச் செய்தார்கள். பிறகு இயந்திரம் முழுவதையுமே செய்தார்கள். 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு, போர்டின் நீள அகலத்தையும், திருகு போடும் துவாரங்கள் இருக்க வேண்டிய இடங்களையும், மின்சாரம் கொடுக்கும் இணைப்பின் வடிவத்தையும் நிர்ணயித்தது. இன்றைய போர்டு ஒன்று, பத்து வருஷத்துக்கு முந்திய கேபினட்டிலும் பெரும்பாலும் சரியாக உட்காருகிறதென்றால் அந்த நிர்ணயமே அதற்குக் காரணம்.

சென்னையில் இந்த உறுப்புகளுக்கெல்லாம் பேர்போன சந்தை, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதைச் சேர்ந்த சந்துகளும். அங்கே ஒரு கடைப் படியில் ஏறினால், "வாங்க சார், ஐ5, 8 ஜி.பி. ராம், 256 எஸ்.எஸ்.டி., புது போர்டு, புது கேபினட், ஒரு வருஷம் வாரண்டி, மானிட்டரோட சேர்த்து பேக்கேஜா போட்டுத் தரேன்" என்று ஒரு விலை சொல்வார்கள், அது நாம் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த இடத்தில், "எந்த ஐ5 அண்ணே? எத்தனாவது ஜெனரேஷன்?" என்று கேட்கத் தெரிந்தவர் பாதிக் கிணறு தாண்டியவர். ஐ5 என்பது 2009 முதல் இன்டெல் வெளியிட்டுவந்த ஒரு வரிசையின் பொதுப் பெயர். 2011-இல் வந்த ஐ5-2400-உம் ஐ5தான். அந்தப் பழைய பிராசசர்கள், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய இயந்திரங்களிலிருந்து கழற்றப்பட்டு, அவற்றுக்கென்றே இன்றும் பெயர் தெரியாத தொழிற்சாலைகளில் செய்யப்படும் எச்61 ரகப் போர்டுகளில் ஏற்றப்பட்டு, புதுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடுகின்றன. 2022-இல் வந்த ஐ3-12100, பெயரளவில் ஒரு படி தாழ்ந்ததாக இருந்தும், அந்தப் பழைய ஐ5-ஐ எல்லா விதத்திலும் மிஞ்சிவிடும். பழையதில் 4 கோர், ஒரே சமயத்தில் 4 வேலை இழைகள். புதியதில் 4 கோர், 8 இழைகள். கோர் ஒவ்வொன்றின் வேகமும் வெகு அதிகம். தவிர, பழையதற்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன் முதல் வந்தவற்றையே அது ஏற்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழையதைப் பழையது என்று சொல்லி விற்பது கௌரவமான வியாபாரம். அதை வாங்கி லினக்ஸ் போட்டு உபயோகிக்கிறவர்களும் இருக்கிறார்கள். புதிது என்று நினைத்து அதை வாங்கும் குடும்பத்துக்கு நேரும் நஷ்டமே என் மனத்தை உறுத்துகிறது.

வீட்டில் செய்யப்போகும் வேலை என்ன என்பதை முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. பாடங்களைப் படிப்பது, பைதான், சி முதலியவற்றில் புரோகிராம் எழுதிப் பழகுவது, டாலியில் கணக்குப் போடுவது, வீடியோ பார்ப்பது, விடுமுறையில் சாதாரணமான விளையாட்டு ஒன்று ஆடுவது என்ற அளவில் அது முடியுமானால், தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. கிராபிக்ஸும் உள்ளடங்கிய பிராசசர் ஒன்று போதும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி இதற்கு நல்ல உதாரணம்: 2021-இல் வந்தது, 6 கோர், 12 இழைகள், 65 வாட் கணக்கு, உள்ளேயே வேகா கிராபிக்ஸ். இன்டெல் பக்கத்தில் மேலே சொன்ன ஐ3-12100. இங்கே எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் எண்ணின் முடிவில் 'எஃப்' என்று இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி-யில் உள்ள கிராபிக்ஸ் 5600எக்ஸ்-இல் இல்லை. கொஞ்சம் மலிவாக இருக்கிறதென்று 12100எஃப்-ஐ வாங்கி வந்து, மானிட்டரில் படமே வராமல் திகைத்து, அதற்காக ஒரு கார்டு வாங்கப் போனால், மிச்சம் பிடித்த தொகையைப் போல் பல மடங்கு செலவாகும். "கிராபிக்ஸ் கார்டு வேணும்னா சின்னதா ஒண்ணு போட்டுடலாம் சார்" என்று அப்போது கடையில் எடுத்துக் காட்டப்படும் ஜிடி 730 என்பது 2014-ஆம் வருஷத்துச் சரக்கு; 5600ஜி-யின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைவிட மேலானது. அதற்குக் கொடுக்கும் பணம் விரயம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

நம்மைக் கட்டிப் போடுகிற உறுப்பு எது என்றால், அது மதர்போர்டுதான். பிராசசர் உட்காரும் சாக்கெட் எதுவோ, அந்தச் சாக்கெட்டுக்குரிய பிராசசர்களை மட்டுமே அந்தப் போர்டு ஆயுள் முழுவதும் ஏற்கும். ராம் எந்த ரகம், எத்தனை எண்ணம் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது. ஏ.எம்.டி.யில் 2016 முதல் வழங்கிவரும் ஏ.எம்.4 சாக்கெட்டு டி.டி.ஆர்.4 ராமோடு போவது. 2022-இல் வந்த ஏ.எம்.5 டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்பது. இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டில் இரண்டு ரகப் போர்டுகளும் உண்டு. ஆனால் வாங்குகிற போர்டு எந்த ரகத்துக்குச் செய்யப்பட்டதோ அந்த ரகம்தான். வருங்காலத்தில் பிராசசரையும் மாற்றும் உத்தேசமுள்ளவருக்கு ஏ.எம்.5 சிலாக்கியமானது, அந்தச் சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. என்றாலும், வீட்டு உபயோகத்தில் ஒரே போர்டில் பிராசசரை மாற்றுகிறவர்கள் மிகச் சிலரே. ராமைக் கூட்டுகிறவர்களும் டிஸ்க்கைக் கூட்டுகிறவர்களும்தான் அதிகம். ஆதலால், கையிருப்பு குறைவாயுள்ள குடும்பத்துக்கு ஏ.எம்.4-இல் ஒரு நல்ல போர்டு போதுமானது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் நல்ல போர்டு என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஏ520 ரகப் போர்டுகளில் பெரும்பாலும் ராமுக்கு இரண்டே இடம் இருக்கும்; இன்டெல்லின் எச்610-இலும் பொதுவாக இரண்டுக்கு மேல் கிடையாது. ஏ.எம்.டி.யின் பி550, இன்டெல்லின் பி660, பி760 ரகங்களில் நான்கு இடமுள்ள போர்டுகளைக் கேட்டு வாங்கலாம். சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் அந்த இரண்டு வெற்று இடங்கள், பிற்காலத்தில் பழைய ராமை வீசியெறியாமல் புது ராமைச் சேர்க்கும் வசதியைக் கொடுக்கின்றன.

போர்டைப் பற்றி இன்னொன்று. பி450 போன்ற சற்றுப் பழைய ரகப் போர்டு கிடங்கிலேயே கிடந்திருந்தால், அதிலுள்ள, கம்ப்யூட்டரைத் துவக்கும் நிரலான பயாஸுக்குத் தனக்குப் பின்னால் பிறந்த 5600ஜி-யை அடையாளம் தெரியாது. எல்லாம் சரியாகப் பொருத்தியிருந்தும் டிஸ்ப்ளே வராது. பயாஸை அப்டேட் செய்து கொடுக்கும்படி கடையிலேயே சொல்லிவிட வேண்டும்.

ராமில் 16 ஜி.பி. என்பதை ஆரம்ப அளவாகக் கொள்ளலாம். உள்ளடங்கிய கிராபிக்ஸ் தனக்கென்று ஞாபக இடம் இல்லாதது; அதே ராமிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் அது வேலை செய்கிறது. ஆகவே 8 ஜி.பி. வைத்தால் பிராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் பற்றாது. அந்த 16-ஐயும் ஒரே துண்டாக வாங்காமல் 8, 8 என்று இரண்டு துண்டாக வாங்குவது உத்தமம். ஒரு மதகில் பாய்ந்த நீரை இரண்டு மதகுகளில் திறந்துவிட்டதுபோல், பிராசசருக்கும் ராமுக்கும் இடையே போக்குவரத்து இரட்டிக்கிறது. கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கும் இயந்திரங்களில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். நான்கு இடமுள்ள போர்டில், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் அவற்றைப் பொருத்துவது வழக்கம். துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், தங்க முலாம் பூசிய விளிம்பின் நடுவை விட்டுச் சற்றே விலகி ஒரு சிறு பிளவு தெரியும். டி.டி.ஆர்.4-க்கும் டி.டி.ஆர்.5-க்கும் பின்கள் என்னவோ 288தான். ஆனால் அந்தப் பிளவின் இடம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை யாரும் தவறிச் செருகிவிடாதபடி செய்த ஏற்பாடு அது. இறங்க மறுக்கும் துண்டை அழுத்திப் பலம் காட்டக் கூடாது.

விலை விஷயத்தில், நேற்றைய விலையை நம்பிக் கடைக்குப் போக முடியாத தொழில் இது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. 2021-இல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். 2025-இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் கம்ப்யூட்டர் கூடங்களின் தேவையால் ராம் விலை தலைகால் தெரியாமல் ஏறிற்று. அத்தகைய மாதத்தில் அகப்பட்டுக்கொண்டவர், 8 ஜி.பி. துண்டு இரண்டோடு நிறுத்திக்கொண்டு மற்ற இரண்டு இடங்களைக் காலியாக விட்டுவைக்கலாம். விலை இறங்கும் நாளுக்காகத்தான் அவை இருக்கின்றன.

டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸை வைப்பதை இனி எந்த வீட்டுக்கும் சிபாரிசு செய்ய முடியாது. எம்.2 வடிவத்தில், 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமுமாகப் போர்டிலேயே படுத்துக்கொள்ளும் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. ஒன்று 500 ஜி.பி. அளவில் போதும். 5600ஜி மூன்றாம் தலைமுறை இணைப்பையே அறியும். நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி.க்கு அதிகப் பணம் கொடுத்தால் அந்த வேகம் அதில் கிடைக்காது. கல்யாண வீடியோக்களையும் போட்டோக்களையும் வைக்க இடம் பற்றாதபோது, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பிற்பாடு தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். இது வாங்குகிறவர் கண்ணில் படாமல் பெட்டியின் மூலையில் கிடப்பதாலேயே, பட்ஜெட் கொஞ்சம் மீறுகிறது என்றவுடன் முதல் வெட்டு இதன்மேல்தான் விழுகிறது. "கேபினட்டோடவே வந்துடும் சார், தனியா எதுக்கு?" என்பார்கள். மற்ற உறுப்புகளில் எது கெட்டாலும் அது ஒன்றோடு போகும், மட்டமான எஸ்.எம்.பி.எஸ். கெடும்போது போர்டையும் டிஸ்க்கையும் கூட அழைத்துக்கொண்டு போகக்கூடும். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். கொட்டை எழுத்தில் 450 என்று அச்சிட்டிருக்கும். அதன் கீழே ஒரு சிறிய அட்டவணையில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இக்காலத்துப் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தம் சக்தியைப் பெரும்பாலும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே பெறுகின்றன. அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்குமானால், 12-ஐ 16-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். கொட்டை எழுத்தில் உள்ள 450 வெறும் அலங்காரம் என்பது அப்போது விளங்கும். 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட். அது யோக்கியமான 450. '80 ப்ளஸ்' முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2004 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சான்று, 20, 50, 100 சதவிகிதச் சுமைகளில் சோதித்து, வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவிகிதத்தையேனும் பிரயோஜனமாகக் கொடுக்கிறது என்பதற்கு அத்தாட்சி. நம் 5600ஜி இயந்திரம் 150 வாட்டைத் தாண்டுவது அபூர்வம்தான். என்றாலும் நல்ல 450 அல்லது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று இன்று வாங்கிவிட்டால், நாளைக்கு நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு ஒன்று வரும்போது அதை மாற்ற வேண்டியிராது.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, வெறுங்காலோடு தரையில் நின்று கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று லேசாக ஓர் உதறல் தெரிவதாகப் பல வீடுகளில் சொல்லக் கேட்கலாம். கேபினட் மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் சுவரில் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில், இரைச்சலை வடிகட்டுவதற்காக மின்கம்பிக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே சிறு கபாசிட்டர்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் வழியே கசியும் சொற்ப மின்சாரம், எர்த் கம்பி இருந்தால் மண்ணுக்குள் போய்விடும். இல்லையானால் பெட்டியிலேயே தங்கி, தொடுகிறவர் உடம்பு வழியே இறங்கும். மூன்று பின் சாக்கெட்டில் மூன்றாவது துவாரத்தை வெறுமனே வைத்துவிட்ட பழைய வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிட வேண்டும். மின்வெட்டும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் உள்ள ஊரானால் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேபினட்டில் வண்ண விளக்குகளும் கண்ணாடி முகப்பும் பார்வைக்கு அழகுதான். நம் சித்திரை வெயிலிலோ, முகப்பு முழுவதும் வலையாக இருந்து, முன்னால் ஒரு பேன் காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளும் சாதாரணப் பெட்டியே உசிதமானது. மானிட்டரில் 22 முதல் 24 அங்குலம், 1920-க்கு 1080 புள்ளிகள் போதும்; ஐ.பி.எஸ். பானலானால், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கும் நிறம் மாறாமல் தெரியும். இந்த உறுப்பு இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு உழைக்கக்கூடியதாகையால், இதில் பணம் போட யோசிக்க வேண்டாம். கொட்டேஷனில் விட்டுப்போகிற சில்லறைச் சாமான்கள் வேறு இருக்கின்றன: மலிவான போர்டுகளில் வைஃபை இராது, மானிட்டரோடு கேமராவும் மைக்கும் வராது, சிலவற்றில் ஸ்பீக்கரும் இல்லை. லேப்டாப்பின் விலையோடு ஒப்பிடும்போது இவற்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

விலை பேசி முடிந்ததும், "பில் இல்லாம எடுத்தா ஜி.எஸ்.டி. 18 பர்சென்ட் மிச்சம் சார்" என்று ஒரு யோசனை வரலாம். அதை ஏற்கக் கூடாது. உறுப்பு ஒவ்வொன்றின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதிய பில்தான் பிற்காலத்தில் வாரண்டிக்கு ஆதாரம். பெட்டியில் முத்திரையோடு வரும் பிராசசருக்கு 3 வருஷ வாரண்டி உண்டு. பெட்டியில்லாமல் தட்டிலிருந்து எடுத்துத் தரும் 'ட்ரே' பிராசசருக்குக் கம்பெனியின் அந்த உறுதி கிடையாது. கூலரும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கிராக் செய்த விண்டோஸை ஏற்றித் தருகிறோம் என்றால் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். அந்தக் கிராக்கோடு எது உள்ளே வருகிறதென்று யாருக்கும் தெரியாது. கணக்கு வழக்கும் பாங்கு விவரமும் வைக்கப்போகிற இயந்திரம் இது. விண்டோஸ் வாங்கப் பணமில்லையானால், லினக்ஸ் மிண்ட்டோ உபுண்டுவோ இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கிறது. படிப்புக்கும் புரோகிராம் பழகுவதற்கும் அதில் யாதொரு குறையும் இல்லை.

பொருத்தும் வேலையைக் கடையில் நம் கண்முன்னேயே செய்யச் சொல்லலாம். நாமே செய்வதும் கஷ்டமன்று. ஏ.எம்.4 பிராசசரின் அடியில் மயிரிழை போன்ற 1331 பின்கள் அணிவகுத்து நிற்கும். ஒரு மூலையில் சின்னஞ்சிறு தங்க முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதேபோல் ஒரு முக்கோணம். இரண்டையும் நேர்படுத்தி, நெம்புகோலைத் தூக்கிவிட்டு, பிராசசரை மேலே வைத்தால் தன் எடையாலேயே அது உள்ளே இறங்கிவிடும். விரலால் அழுத்தும் தேவையே வராது. வந்தால் எங்கோ பின் வளைந்திருக்கிறது என்று பொருள்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். 3200 என்று எழுதி வாங்கிய ராம், பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கிவிடாத காரணத்தால் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் போட்டு ஓர் இரவு ஓடவிட்டால் ராமில் குறை உண்டா என்பது காலையில் தெரியும். விண்டோஸ் உள்ளவர்கள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சிறு நிரலைத் திறந்து, எஸ்.எஸ்.டி. இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். புதுச் சரக்கானால் அங்கே வெகு சொற்பமான மணிகளே இருக்கும்; ஆயிரக்கணக்கில் இருந்தால், எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, சீரியல் எண் எழுதிய பில்லையும் எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போய்விட வேண்டும்.